மெத்தையின் பெயர் மேல் அங்குலத்துக்கு மட்டும்

கடையில் ‘8 அங்குல மெமரி ஃபோம்’ என்று விற்கும் மெத்தை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், பல சமயம் மெமரி ஃபோம் மேலே ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம். அதற்குக் கீழே சாதாரண மெத்து ஃபோம் ஓர் அடுக்கு. அடியில் நாலைந்து அங்குலத்துக்குத் துண்டு ஃபோம்களை ஒட்டி அழுத்திய பலகை மாதிரி ஒன்று. ‘லேடெக்ஸ் மெத்தை’யும் பெரும்பாலும் இதே கதைதான்: மேலே ஓர் அங்குல ரப்பர், கீழே தேங்காய் நார். அடுக்கடுக்காகச் செய்வதில் தப்பில்லை. நல்ல மெத்தையும் அப்படித்தான் செய்யப்படுகிறது. சிக்கல் பெயர் வைப்பதில் இருக்கிறது. பெயர் மேல் அடுக்குக்கு. முதுகைத் தாங்குவது அடி அடுக்கு. இரண்டு மூன்று வருடத்தில் உட்கார்ந்துபோய்க் குழி விழுவது, பெரும்பாலும் யாரும் பெயர் சொல்லாத அந்த நடு அடுக்கு.

அதனால் மெத்தை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மேலிருந்து கீழ்வரை என்னென்ன அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம், என்ன டென்சிட்டி? இதற்குக் கடையில் பதில் இல்லையென்றால் அங்கே விலை பேசுவதே வீண்.

டென்சிட்டி வேறு, கடினம் வேறு

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ இருக்கும் என்கிற கணக்கு. ‘32 டென்சிட்டி’ என்றால் கன மீட்டருக்கு 32 கிலோ. விற்பவர்களில் பலர் இதைக் கடினத்தின் அளவாகச் சொல்வார்கள்: “40 டென்சிட்டி எடுங்க சார், நல்லா ஹார்டா இருக்கும்.” அது தவறு. 40 டென்சிட்டியிலேயே மெத்தென்ற ஃபோமும் வார்க்கலாம். 28-இல் விறைப்பான ஃபோமும் வார்க்கலாம். கடினத்தைத் தனியாக அளப்பார்கள். 50 சதுர அங்குலப் பரப்புள்ள வட்டத் தகட்டை ஃபோம் மீது வைத்து, அதன் உயரத்தில் 25 சதவீதம் அமுங்க எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். டென்சிட்டி சொல்வது வேறொன்றை: அந்த ஃபோமில் காற்று போக எவ்வளவு சரக்கு இருக்கிறது, அதாவது எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்பதை. குறைந்த டென்சிட்டியில் விறைப்பாகச் செய்த ஃபோம் கடையில் அமுக்கிப் பார்க்கும்போது ஜோராக இருக்கும். உள்ளே இருக்கும் நுண்குமிழ்களின் சுவர்கள் மெலிசு என்பதால் ஒரு வருடத்துக்குள் இடுப்பு படும் இடத்தில் துவண்டுவிடும்.

தினசரி படுக்கும் மெத்தைக்கு பி.யூ. ஃபோம், அதாவது பாலியூரிதேன், 32-க்குக் கீழே போக வேண்டாம். படுப்பவர் 85, 90 கிலோவைத் தாண்டினால் 40 வேண்டும். எப்போதாவது வரும் விருந்தாளி அறைக்கு 28 போதும். மெமரி ஃபோமின் கணக்கு வேறு: அங்கே 50-க்கு மேல் இருந்தால்தான் அது மெல்ல அமுங்கி மெல்ல எழும் குணத்தைச் சில வருடங்கள் காப்பாற்றும். லேடெக்ஸ் 65-இலிருந்து 95 வரை வரும்.

சொன்ன டென்சிட்டி உண்மைதானா என்பதை எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024-ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும். 75-க்கு 60, தடிமன் 6 என்றால் பெருக்கல் 27,000, வகுத்தால் 0.44 கன மீட்டர். முழுக்க 32 டென்சிட்டி ஃபோம் என்றால் 14 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 18 கிலோவை ஒட்டி வரும். உறைத் துணியும் தைப்பும் இரண்டு கிலோ என்று கழித்துக்கொண்டு, மெத்தையின் எடையை 0.44-ஆல் வகுத்துப் பாருங்கள். 12 கிலோ மெத்தையில் இரண்டைக் கழித்தால் 10, வகுத்தால் 23. அதை 40 என்று சொல்லி விற்றால் சொன்னவரிடமே கணக்கைக் காட்டலாம்.

இந்தக் கணக்கையும் ஏமாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சுண்ணாம்புத் தூள். கால்சியம் கார்பனேட்டை ஃபோம் கலவையில் சேர்த்தால் எடை கூடும், செலவு குறையும், தாங்கும் வலு கூடாது. அப்படிப்பட்ட ஃபோமைக் கசக்கினால் செத்த மாதிரி இருக்கும். விட்டவுடன் துள்ளி எழாது. வெட்டு முனையைத் தேய்த்தால் சில சமயம் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும்.

மற்றது ரீபாண்டட் ஃபோம். வெட்டிக் கழித்த துண்டுகளைப் பசை சேர்த்து அழுத்தி அட்டையாக்கியது. வெட்டிப் பார்த்தால் பல வண்ணச் சில்லுகள் தெரியும். இதன் டென்சிட்டி 80, 100, அதற்கும் மேல்கூடப் போகும். ஆகவே ரீபாண்டட் அடிவைத்த மெத்தை எவ்வளவு கனத்தாலும் அதை வைத்து மேல் அடுக்கின் தரத்தை முடிவுகட்ட முடியாது. ரீபாண்டட் கெட்ட பொருள் என்று சொல்லிவிட முடியாது. விறைப்பான அடித்தளமாக அது நன்றாகவே வேலை செய்யும், கனமானவர்களுக்கு ஏற்றதும்கூட. ஆனால் பசை தரமில்லாமல் இருந்தால் சில்லுகள் பிரிந்து உள்ளே மேடு பள்ளம் வரும், புது மெத்தையில் நெடியும் பல நாள் போகாது. எடைக் கணக்கு ஒரே பொருளால் ஆன மெத்தைக்குத்தான் நேராகப் பொருந்தும். அடுக்கு மெத்தைக்கு, உறையின் ஜிப்பைத் திறந்து பார்ப்பது ஒன்றே வழி.

பஞ்சு, நார், ரப்பர்

தமிழ்நாட்டில் மெத்தை என்றால் நெடுங்காலம் இலவம்பஞ்சுதான். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் இதற்குப் பேர்போன ஊர். இலவு காத்த கிளிக்குக் கிடைக்காமல் பறந்துபோனதுதான் மெத்தைக்காரருக்குச் சரக்கு. இலவ இழை உள்ளே குழலாகக் காற்று நிரம்பியது, மேலே மெழுகுப் பூச்சுள்ளது. அதனால் தண்ணீரை உறிஞ்சாது, எடையும் இல்லை. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். வேர்வை ஊரில் மின்விசிறி மட்டும் உள்ள அறைக்கு இதைவிடச் சூடு தேங்காத மெத்தை குறைவு.

இதே குணத்தில்தான் குறையும் இருக்கிறது. இழைகள் ஒன்றோடொன்று பிணையாது, நூலாகவும் திரியாது. ஆகவே உடம்பு அமுக்கும் இடத்திலிருந்து நகர்ந்து கட்டிக்கொள்ளும். இதற்குத்தான் மெத்தை முழுக்க அங்கங்கே நூல் கோத்து இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சுகளுக்கு இடையே ஒரு சாண் இருந்தால் சரி. இரண்டு சாண் இடைவெளி விட்டுத் தைத்திருந்தால் ஆறே மாதத்தில் பஞ்சு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். 6 அடிக்கு 3 அடி ஒற்றை மெத்தைக்குப் பத்து கிலோ வாக்கில் பஞ்சு போகும். எத்தனை கிலோ அடைக்கிறார்கள் என்பதை எதிரே நின்று பார்ப்பதுதான் பாதுகாப்பு.

கலப்படம் இங்கே சாதாரணம். இலவோடு பனியன் கழிவுப் பஞ்சையோ பாலியெஸ்டர் கழிவையோ கலந்துவிடுவார்கள். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் இலவு மிதந்துகொண்டே இருக்கும், பருத்திக் கழிவு நனைந்து அமிழும். ஒரு சிட்டிகையைப் பாதுகாப்பான இடத்தில் வைத்துக் கொளுத்தினால் இலவு குப்பென்று எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிமணியாகக் கட்டும். கொட்டை சரியாக நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் விரலால் துழாவிப் பாருங்கள்; கொட்டை எண்ணெய்ப் பசையுள்ளது, எலியும் பூச்சியும் அதைத் தேடித்தான் வரும். உறைத் துணி நெருக்க நெசவாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்கண்ணாகத் தெரியும் துணியில் இலவ இழை கசிந்து வெளியே வரும், ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் அது பெரிய தொந்தரவு.

தேங்காய் நார் மெத்தைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தொழிற்கூடங்கள் ஏராளம். நாரை முதலில் கயிறாக முறுக்கி, ஆவியில் வைத்துச் சுருளச் செய்து, பிறகு முறுக்கைப் பிரித்து விரித்து, ரப்பர்ப் பாலைத் தெளித்து, அழுத்தி, சூட்டில் பதப்படுத்துகிறார்கள். நாரும் நாரும் தொடும் இடங்களில் உள்ள ரப்பர்ப் பிணைப்புதான் அந்த மெத்தையின் உயிர். ரப்பர் தாராளமாக இருந்தால் வளைந்து நிமிரும். கஞ்சத்தனமாகத் தெளித்திருந்தால் பிணைப்பு காய்ந்து உடையும். உடைந்த நார் தூளாகிக் கட்டிலுக்கு அடியில் பழுப்புப் பொடியாகக் கொட்ட ஆரம்பித்தால் அந்த மெத்தையின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை மடக்கவே கூடாது. வீடு மாற்றும்போது மாடிப்படித் திருப்பத்தில் மடித்துத் தூக்கினால் நடுவில் விரிசல் விழும், அது மறுபடி சேராது. காற்றோட்டம் பிரமாதம், விலை கட்டுப்படியாகும், ஆனால் விறைப்பு அதிகம். மேலே ஓர் அங்குலமாவது ஃபோமோ லேடெக்ஸோ இருந்தால்தான் ஒருக்களித்துப் படுப்பவர் தோள் தாங்கும். ரப்பர் பூசிய நார்த் தகட்டுக்கு ஐ.எஸ். 8391 என்றும், வீட்டு மெத்தைக்கான பி.யூ. ஃபோமுக்கு ஐ.எஸ். 7933 என்றும் இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. மெத்தையில் தைத்திருக்கும் சீட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

லேடெக்ஸ் என்பது ரப்பர்ப் பாலை நுரைக்க வைத்து அச்சில் ஊற்றி வேகவைத்தது. 1929-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தில் உருவான முறை. அந்தப் பெயர் நம் வீடுகளில் எந்த ஃபோமுக்கும் பொதுப்பெயராகி, பி.யூ. ஃபோமையும் ‘டன்லப் மெத்தை’ என்றே சொன்னோம். இன்னொரு முறை டாலலே: நுரையை வெற்றிடத்தில் விரிய வைத்து, உறைய வைத்து, பிறகு வேகவைப்பார்கள், சீராகவும் சற்று மெத்தென்றும் வரும், விலையும் கூடும். நல்ல லேடெக்ஸை அமுக்கி விட்டால் கை எடுக்கும் முன்பே எழுந்துவிடும். முழுக்க லேடெக்ஸ் என்று சொல்லும் 6 அங்குல மெத்தை, மேலே சொன்ன 75-க்கு 60 அளவில் சுமார் முப்பது கிலோ அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஒருவர் அலட்சியமாகத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறார் என்றால் உள்ளே வேறேதோ இருக்கிறது. ‘நேச்சுரல்’ என்ற சொல்லையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். செயற்கை ரப்பர் கலந்ததும் அதே பெயரில் விற்கிறது. இயற்கை ரப்பர் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். ரப்பர் ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்பவர் விமான இருக்கைகளுக்கு உருவாக்கியது. சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் விறைக்கும். ஊட்டியில் ஜனவரி ராத்திரி கல்லாக இருக்கும் அதே மெத்தை, சென்னையில் மே மாதம் சேறு மாதிரி உள்ளிழுக்கும். உடம்பைச் சுற்றி வளைத்துக்கொள்வதால் சூடு வெளியேற வழியில்லை. ‘கூலிங் ஜெல்’ என்பது படுத்த சில நிமிடங்களுக்குக் குளுமை தரும். ஜெல் உடம்புச் சூட்டுக்கு வந்தபின் அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. ராத்திரி முழுக்க ஏசி ஓடாத வீட்டுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் மெமரி ஃபோம் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

ஸ்பிரிங்கில் பொன்னெல், பாக்கெட் என இரண்டு வகை. பொன்னெலில் எல்லாச் சுருளும் கம்பியால் பிணைந்திருக்கும்; ஒருவர் புரண்டால் மற்றவர் ஆடுவார். பாக்கெட்டில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பையில் நிற்பதால் அந்த ஆட்டம் குறையும். கம்பியின் கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிசு. கடற்கரை ஊர்களில் துரு ஒரு கவலை. ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே தடித்த ஃபெல்ட், அதாவது இழைகளை அழுத்திச் செய்த கம்பளம் போன்ற துணி, இல்லையென்றால் ஃபோம் சுருளுக்குள் அழுந்திக் கம்பி முதுகில் தட்டுப்படும்.

கல் மாதிரி இருந்தால் முதுகுக்கு நல்லதா?

முதுகுவலி என்றாலே ‘ஆர்த்தோ’ என்று எழுதிய மெத்தையைக் காட்டுவார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் கட்டாயமான மருத்துவ அளவுகோல் எதுவும் கிடையாது. அடியில் ரீபாண்டட் வைத்து விறைப்பாகச் செய்தது என்பதற்கு மேல் பெரும்பாலும் பொருளில்லை. விறைப்பே மருந்து என்ற நம்பிக்கையையும் 2003-இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வு அசைத்தது. நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேரில் ஒரு சாராருக்கு விறைப்பான மெத்தையும் மறுசாராருக்கு நடுத்தர விறைப்புள்ளதும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன.

காரணம் எளிது. மல்லாந்து படுக்கும்போது கீழ்முதுகில் ஒரு வளைவு இருக்கிறது. பலகையில் படுத்தால் அந்த வளைவுக்குக் கீழே வெற்றிடம். தசை ராத்திரி முழுக்க அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ரொம்ப மெத்தென்றால் இடுப்பு மட்டும் இறங்கி முதுகு தொட்டில் மாதிரி வளையும். கடையில் சோதிக்க ஒரு வழி: மல்லாந்து படுத்துக் கீழ்முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய் வந்தால் உங்களுக்கு அது அதிக விறைப்பு. நுழையவே மறுத்தால் அதிக மெத்து. கொஞ்சம் உரசிக்கொண்டு நுழைந்தால் சரி.

ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் அமுங்க இடம் வேண்டும். மேலே இரண்டு அங்குலமாவது மெத்து அடுக்கு தேவை. இல்லாவிட்டால் காலையில் கை மரத்துப்போகும். குப்புறப் படுப்பவருக்கு விறைப்பு அதிகம் வேண்டும், இல்லையேல் வயிறு இறங்கி முதுகு பின்பக்கமாக வளையும். எடையும் சேர்ந்து கணக்கில் வரும். 50 கிலோக்காரருக்குக் கட்டையாகத் தெரியும் மெத்தை 90 கிலோக்காரருக்கு நடுத்தரம். கணவன் மனைவிக்கு இடையே எடை வித்தியாசம் முப்பது கிலோ இருந்தால், ஒரே மெத்தையில் கனமானவர் பக்கம் மற்றவர் உருண்டு வருவது நிச்சயம். 36 அங்குலத்தில் இரண்டு ஒற்றை மெத்தைகளை வெவ்வேறு விறைப்பில் வாங்கி ஒரே உறைக்குள் சேர்ப்பது இதற்குச் சரியான தீர்வு. நடுவில் கோடு தெரியும் என்று தயங்குவார்கள். மேலே தடித்த விரிப்பு போட்டால் தெரியாது.

கைக்குழந்தைக்கு விறைப்பான, தட்டையான பரப்பு மட்டுமே. மெமரி ஃபோமிலோ குழைவான பஞ்சிலோ குழந்தை குப்புறத் திரும்பினால் முகம் புதைந்து மூச்சடைக்கும் அபாயம் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு எந்த விலை உயர்ந்த வீட்டு மெத்தையும் படுக்கைப்புண்ணைத் தடுக்காது. மருந்துக் கடைகளில் கிடைக்கும், மாறி மாறிக் காற்று நிரப்பும் ஏர் பெட் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியும் விட வேண்டும்.

கட்டிலும் அளவும்

நம் ஊர்க் கட்டில்களில் ஆறேகால் அடி நீளம் சகஜம்; அதற்கு மெத்தை 75 அங்குலம். புதிய கட்டில்கள் ஆறரை அடி, 78 அங்குலம். பழைய கட்டில்களில் சரியாக 72-உம் உண்டு. அகலம் 36, 48, 60, 72. ஆசாரி செய்த கட்டிலில் தலைமாட்டு அகலமும் கால்மாட்டு அகலமும் அரை அங்குலம் வேறுபடுவது அதிசயமில்லை. ஆகவே சட்டத்தின் உள்பக்கத்தை மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவில் அரை அங்குலம் குறைத்துச் சொல்லுங்கள். இறுக்கிப் புகுத்திய மெத்தை நடுவில் உப்பும். தளர்வானது நகர்ந்து ஓரம் மடங்கும். மெத்தையின் அளவு இப்படித்தான் என்று முடிவான பிறகு மேல்விரிப்பு, கொசுவலை வாங்குங்கள். 4 அங்குலத்துக்குத் தைத்த எலாஸ்டிக் விரிப்பு 8 அங்குல மெத்தையில் நிற்காது.

தடிமன் அதிகமானால் சொகுசு என்று நினைத்து 10 அங்குலம் வாங்குபவர்கள் கட்டிலின் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குத் தரையிலிருந்து மெத்தை மேல்பரப்பு 18 முதல் 20 அங்குலம் என்றால் எழ சௌகரியம். கட்டில் ஏற்கெனவே 16 அங்குலம் இருந்தால் 4 அங்குல மெத்தைக்குத்தான் இடம்.

கட்டிலில் பலகைக் குச்சிகளுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கூடினால் ஃபோம் அந்தச் சந்துகளில் இறங்கிப் பழகிவிடும்; உத்தரவாதமும் செல்லாது என்பார்கள். கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டிலுக்கு ஃபோம் மெத்தை ஒத்துவராது, மெலிசான பஞ்சு மெத்தைதான் சரி. ஒரே ஒட்டுப்பலகையாக மூடிய, அடியில் பெட்டி வைத்த கட்டிலில் பலகையில் சில துளைகள் போட்டுவிடுங்கள். தரையில் மெத்தை போட்டுப் படுக்கும் வீடுகளில் இது இன்னும் முக்கியம். உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் குளிர்ந்த தரையைத் தொட்டு மெத்தை அடியிலேயே தங்கும். மழைக்காலத்தில் இரண்டு வாரம் தூக்காமல் விட்டால் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். கீழே பாய் விரித்து, காலையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் போதும்.

கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இலவம்பஞ்சில் ஒரு பொறி பட்டால் வெளியே தெரியாமல் உள்ளேயே புகையும். பி.யூ. ஃபோம் பிடித்தால் வேகமாக எரியும், அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்

கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுவது சோதனை ஆகாது. வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே, தலையணையோடு, பத்துப் பதினைந்து நிமிடம் படுங்கள். இருவர் படுக்கும் மெத்தை என்றால் இருவரும் படுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து சரிகிறதா பாருங்கள். பிறகு அடுக்கு வாரியாகப் பொருள், அங்குலம், டென்சிட்டி மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

‘10 வருட உத்தரவாதம்’ என்பதைப் படிக்கும்போது பெரும்பாலும் தெரியவருவது இது: மேலே யாரும் படுக்காத நிலையில் குழி ஓர் அங்குலத்தைத் தாண்டினால்தான் குறை என்று ஒத்துக்கொள்வார்கள். மெத்து குறைந்துபோனது, பிடிக்கவில்லை என்பதெல்லாம் சேராது. கறை இருந்தால் பல நிறுவனங்கள் கைவிரித்துவிடும். சில வருடங்களுக்குப் பிறகு புது மெத்தையின் விலையில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ஆக, உத்தரவாதத்தைக் காப்பது முதல் நாளே போடும் நீர்புகா உறைதான். சலசலக்கும் பிளாஸ்டிக் உறை வேர்க்கும், பின்பக்கம் மெல்லிய டி.பி.யூ. (வளையும் பாலியூரிதேன் பிளாஸ்டிக்) பூச்சுள்ள துணி உறை தேவலாம். மெத்தையில் தைத்திருக்கும் சீட்டையும் கத்தரிக்காதீர்கள். இணையத்தில் வாங்கும்போது ‘100 இரவு சோதனை’ என்றால், உங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டிலிருந்து திரும்ப எடுத்துப் போவார்களா, யார் செலவில் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சுருட்டிக் காற்றை உறிஞ்சி அனுப்பும் மெத்தையை வந்த அன்றே பிரியுங்கள். மாதக்கணக்கில் சுருளிலேயே கிடந்தால் ஃபோம் முழு உயரத்துக்கு எழாது. உறையைக் கத்தியால் கிழிக்காமல் ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஓரங்கள் எழ ஒன்றிரண்டு நாள், சிலவற்றுக்கு மூன்று நாள் ஆகும். ஜன்னலைத் திறந்துவைத்தால் புது நெடி சில நாளில் அடங்கும். மூன்று நாள் கழித்து நான்கு மூலையிலும் நடுவிலும் உயரத்தை அளந்து, குறைந்தால் உடனே எழுதிப் போடுங்கள். உடம்பு புது மெத்தைக்குப் பழக மூன்று நாலு வாரம் ஆகலாம்.

பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டுவது நம் வழக்கம், அது சரியான வழக்கம். அதே பழக்கத்தில் லேடெக்ஸையும் ஃபோமையும் மொட்டைமாடியில் காயப்போடக் கூடாது. நேர் வெயில் பட்டால் லேடெக்ஸ் மஞ்சளாகி, மேல்பரப்பு காய்ந்து பொடியாக உதிரும்; பி.யூ. ஃபோமும் மங்கி நொறுங்கும். நிழலில், காற்றோட்டத்தில் நிறுத்தினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்பிப் போடுங்கள். அடுக்கு மெத்தையை மேல்கீழாகக் கவிழ்க்க வேண்டாம். அடி அடுக்கில் படுத்ததாகிவிடும்.

குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நூலை இறுகப் பிடித்து நடுவில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். குழி விழுந்த மெத்தைக்கு அடியில் பலகை செருகுவது பலனளிக்காது, ஏனென்றால் குழி இருப்பது மேலே. அதன் மேல் டாப்பர், அதாவது மெத்தைமேல் விரிக்கும் மெல்லிய கூடுதல் அடுக்கு, போட்டால் அதுவும் அதே குழியில் இறங்கும். பஞ்சு மெத்தை என்றால் பிரித்து, பஞ்சை அடித்து, ஒன்றிரண்டு கிலோ புதுப் பஞ்சு சேர்த்துப் புது உறையில் தைத்துக்கொள்ளலாம். ஃபோம் மெத்தையில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருந்தால் செய்வதற்கு எதுவுமில்லை. ஒட்டாமல் ஜிப் உறைக்குள் அடுக்கியிருந்தால், உட்கார்ந்துபோன நடு அடுக்கை மட்டும் உருவி, அதே நீள அகலத்தில் 2 அங்குல 40 டென்சிட்டி ஷீட் ஒன்றை ஃபோம் கடையில் வெட்டி வாங்கி வைத்து ஜிப்பை இழுத்துவிடலாம். வாங்கும்போதே ஜிப்பைத் திறந்து, அடுக்குகளுக்கு நடுவே விரல் நுழைகிறதா என்று பார்ப்பது இதற்காகவும்தான்.